மூச்சைப் பிடிக்காதே!
(முக்குளிப்பும் மூன்று விதிகளும்)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



"நாகமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு அடியில் மூழ்குவதைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தொண்டிக்கோ, தூத்துக்குடிக்கோ, ராமேஸ்வரத்துக்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிப் போக வேண்டும்.

ஆனால் கிணறு நம் ஊரில்தானே இருக்கிறது? என் அப்பா கிணற்று வேலை செய்பவர். தூர் வாருவது, தண்ணீருக்குள் மூழ்கி புட்வால்வில் சிக்கிய குப்பையை எடுப்பது, பாதாளக் கரண்டிக்கு அகப்படாத வாளியையும் குடத்தையும் எடுத்துத் தருவது, இதெல்லாம் அவருடைய தொழில். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அவர் உடம்பால் தெரிந்து வைத்திருப்பதும், நான் முதலாமாண்டு இயற்பியலில் ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்ததும் ஒன்றுதான் என்று ஸ்கூபா பற்றிப் படித்தபோது தெரிந்தது. அந்த வியப்பில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஸ்கூபா என்றால் முதுகில் காற்று பாட்டிலைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சு விட்டபடியே நீந்துவது. இன்றைக்குப் புதுச்சேரி, கோவா, அந்தமான், லட்சத்தீவு, கர்நாடகத்தில் முருதேஸ்வரம் அருகிலுள்ள நேத்ராணித் தீவு, இலங்கையில் திருகோணமலை என்று கடற்கரைக்கு விடுமுறை போகிறவர்கள் இதைப் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். நான் அந்தப் பாட்டிலை இதுவரை முதுகில் மாட்டியதில்லை. அந்தப் பயிற்சிக் கட்டணம் நம் வருடக் கட்டணத்தையே தாண்டும். ஆனால் அங்கே முதல் நாள் வகுப்பில் சொல்லித் தருவது முழுவதும் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைக் காசு இல்லாமலே நாம் கற்றுக்கொள்ளலாம்.

முத்துக் குளித்தவர் மண்

முக்குளிப்பது நமக்குப் புதிய கலை அல்ல. பாண்டியர்களின் தலைநகரம் மதுரை என்றால், அவர்களுடைய பணப்பெட்டி கொற்கைத் துறைமுகம். கொற்கையின் முத்தும் சங்கும் சங்க நூலான மதுரைக்காஞ்சியிலேயே பேசப்படுகின்றன. அந்தக் கொற்கை இன்று கடல் பின்வாங்கி, உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற வணிகக் கையேடு, பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்று சொல்கிறது. அதாவது, ராணியின் கழுத்தில் மின்னிய முத்து ஒரு கைதியின் மூச்சில் வந்தது. இந்தத் தொழிலின் ஆபத்து இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை எழுதி வைத்திருக்கிறார்.

முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்து விறுவிறுவென்று அடிக்குப் போய், ஒரு நிமிடம் போல அங்கே இருந்து, கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளிக்கொண்டு மேலே வருவார். 1961-இல் தூத்துக்குடியில் நடந்ததோடு பெரிய முத்துக்குளிப்பு நின்று போனது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் சிப்பிக்குள் செயற்கையாக முத்தை வளர்த்துக் காட்டியது.

முத்து நின்றாலும் முக்குளிப்பு நிற்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம்பன் பக்கம் பெண்கள், கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது கிடைத்தது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் கடலைப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

பப்பாளித் தண்டு ஏன் பலிக்காது?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லனின் ஆட்கள் துரத்தி வருவார்கள். கதாநாயகன் குளத்தில் குதித்து, ஒரு பப்பாளித் தண்டை வாயில் வைத்து, அதன் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருப்பார். இது நடக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீரில் 10 மீட்டர், அதாவது 33 அடி ஆழம் போனால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தோராயமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. அப்படியானால் 1 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ. நம் நெஞ்சின் பரப்பை 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்தால் 900 சதுர சென்டிமீட்டர். ஆக நெஞ்சின் மேல் சுமை 90 கிலோ!

வாயில் இருக்கும் தண்டு வழியாக வருவது மேலே உள்ள சாதாரணக் காற்று. வெளியே நெஞ்சை அமுக்குவதோ 90 கிலோ. ஏறக்குறைய இரண்டு மூட்டை சிமெண்ட்டை நெஞ்சில் அடுக்கிவிட்டு "மூச்சை இழு" என்றால் எப்படி? அரை மீட்டருக்குக் கீழே போனாலே திணறல்தான். தண்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

அப்படியானால் கடலடியில் மூச்சு விட வேண்டுமென்றால், வெளியே தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்று வாய்க்கு வர வேண்டும். ஆழம் மாற மாற, வரும் காற்றின் அழுத்தமும் தானாக மாற வேண்டும். இதுதான் பிரச்சினை. இதைத் தீர்த்தது ஒரு வால்வு.

கரிவாயு வண்டியிலிருந்து வந்த வால்வு

இயந்திரவியல் மாணவர்களுக்கு இந்த இடம் இனிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. நம் நாட்டிலேயே கரிவாயுவில் பஸ் ஓடிய காலம் அது. பிரான்சில் எமீல் காஞன் என்ற பொறியாளர், கார் எஞ்சின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவைத் தரும் ஒரு ரெகுலேட்டரைச் செய்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரைத் தேடி வந்து, "எஞ்சினுக்குப் பதிலாக மனிதன் இழுத்தால் காற்று தருமா?" என்ற பிரச்சினையை முன்வைத்தார். 1943-இல் இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'அக்வாலங்'. இன்றைய ஸ்கூபா கருவிக்கு அதுவே தாய்.

இதற்கும் முன்னோடி உண்டு. 1860-களிலேயே ரூக்கெரோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளரும் தெனெய்ரூஸ் என்ற கடற்படை அதிகாரியும் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்திருந்தார்கள். சுரங்கத்துக்காகப் பிறந்த யோசனை, காருக்குப் போய், கடலுக்கு வந்திருக்கிறது. ஒரு துறையில் கற்றது இன்னொரு துறையில் உதவும் என்று நம் ஆசிரியர்கள் சொல்வது சும்மா இல்லை.

இது வேலை செய்யும் விதம் எளிது. பாட்டிலில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். முதல் நிலை வால்வு அதை, சுற்றியுள்ள நீரழுத்தத்தை விட 10 பார் அளவு கூடுதலாக வைத்துக் குழாயில் அனுப்பும். வாயில் கடிக்கும் இரண்டாம் நிலையில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அதன் ஒரு பக்கம் கடல் நீர், மறு பக்கம் நம் மூச்சு. நாம் இழுத்தவுடன் சவ்வு உள்ளே வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும், நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று வரும். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். சமையல் கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

முதல் விதி: பாயில்

1662-இல் ராபர்ட் பாயில் சொன்னது: வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் மாறாத எண் வரும். அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதி.

இப்போது இரண்டு பேர் 10 மீட்டர் ஆழம் போவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் என் அப்பா மாதிரி. மேலேயே நெஞ்சு நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறார். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு. நுரையீரலில் இருக்கும் காற்று 3 லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வரும்போது மறுபடி 6 லிட்டர். எதுவும் ஆகாது. அவருடைய தொழிலின் முதல் பாடமே "மூச்சைப் பிடி" என்பதுதான்.

இரண்டாவது ஆள் ஸ்கூபா போட்டவர். 10 மீட்டர் ஆழத்தில் வைத்து, பாட்டிலிலிருந்து 6 லிட்டர் காற்றை இழுக்கிறார். அது இரட்டை அழுத்தக் காற்று. ஏதோ பயத்தில் அதே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்பினால்? மேலே வரும்போது அந்த 6 லிட்டர், 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் 12 லிட்டருக்கு இடம் ஏது? திசு கிழியும். காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிரே போகும். இதற்கு 10 மீட்டர் கூடத் தேவையில்லை. நுரையீரல் நிறைந்திருந்தால் ஒன்றரை மீட்டர் உயரமே போதும்.

அதனால்தான் உலகத்தில் எந்த ஸ்கூபா பள்ளியிலும் முதல் கட்டளை ஒன்றே: மூச்சைப் பிடிக்காதே! விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இரு!

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரே விதி. ஒருவருக்கு "பிடி" என்கிறது, இன்னொருவருக்கு "பிடிக்காதே" என்கிறது. தலைமுறை தலைமுறையாக மூச்சைப் பிடித்துப் பழகிய ஒருவர் கையில், பாடம் சொல்லாமல் காற்றுக் குழாயை மட்டும் கொடுத்தால், அவருடைய பழக்கமே அவருக்கு எமனாகிவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான்.

காதும் இதே கதைதான். கீழே போகப் போகச் செவிப்பறையை நீர் உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் உள்ளே காற்று போய்ச் சமமாகும். இதற்கு வால்சால்வா முறை என்று ஒரு இத்தாலிய மருத்துவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். என் அப்பா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நான் சின்னப் பையனாகக் கிணற்றில் இறங்கியபோது, "மூக்கைப் பிடிச்சு லேசா ஊதுடா, காது விட்ரும்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்.

பாட்டில் எத்தனை நிமிடம் வரும்?

சாதாரண ஸ்கூபா பாட்டில் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பாரில் அடைத்தால் 11 × 200 = 2200 லிட்டர் காற்று. நிதானமாக நீந்தும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று தேவை என்று வைப்போம். கரைக்கு வரும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவான ஒழுங்கு. ஆகச் செலவழிக்கக் கிடைப்பது 150 பார், அதாவது 1650 லிட்டர்.

நீர்மட்டத்தில்: 1650 ÷ 20 = சுமார் 82 நிமிடம்
10 மீட்டரில் (2 மடங்கு): 1650 ÷ 40 = சுமார் 41 நிமிடம்
20 மீட்டரில் (3 மடங்கு): 1650 ÷ 60 = சுமார் 27 நிமிடம்
30 மீட்டரில் (4 மடங்கு): 1650 ÷ 80 = சுமார் 20 நிமிடம்

பாட்டில் அதே பாட்டில்தான். ஆழம் மாறினால் நிமிடம் மாறுகிறது. பயந்து வேகமாக மூச்சு வாங்கினால் இதிலும் பாதிதான். பயத்துக்கும் கணக்கு உண்டு என்று இதில் தெரிகிறது.

இரண்டாம் விதி: ஹென்றி

கோலி சோடாவை உடைத்தவுடன் 'புஸ்' என்று பொங்குகிறதே, அதுதான் இரண்டாம் பாடம். அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டார். சோடா பாட்டிலுக்குள் அழுத்தம் இருக்கும்வரை வாயு கரைந்து அமைதியாக இருக்கிறது. கோலியை அமுக்கினால் அழுத்தம் சட்டென்று குறைகிறது, குமிழ் கிளம்புகிறது.

கடலடியில் நம் ரத்தமும் அப்படித்தான். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்தில் இருக்கும் நேரமெல்லாம் அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் உடம்பே சோடா பாட்டில்தான். மூட்டில் குமிழ் நின்றால் தாங்க முடியாத வலி. முதுகுத்தண்டில் நின்றால் கால் விழுந்துவிடும்.

கட்டடவியல் நண்பர்களுக்கு ஒரு செய்தி. இந்த நோயை உலகம் அதிகம் கண்டது பாலம் கட்டும்போதுதான். ஆற்றுக்கு அடியில் அஸ்திவாரம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய கெய்சன் பெட்டிக்குள் ஆட்களை இறக்கினார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் வேலை செய்த பலர் இதில் முடங்கினார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கே 1872-இல் இந்த நோயில் விழுந்தார். 1883-இல் பாலம் திறக்கும்வரை அவர் மனைவி எமிலி ரோப்லிங், கணக்கும் பொறியியலும் தானே கற்று, வேலைத்தளத்துக்கும் கணவருக்கும் இடையே நின்று நடத்திக் கொடுத்தார்.

நைட்ரஜன் குமிழே காரணம் என்று 1878-இல் பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நிறுவினார். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் குழுவினர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று வர வேண்டும் என்று அட்டவணை தந்தார்கள். இன்றைய ஒழுங்கு இது: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக எழாதே, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வா, மூழ்கிய பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறாதே.

கல்லூரிச் சுற்றுலாவாகத் தூத்துக்குடி போனபோது, ஒரு டீக்கடையில் வயதான சங்குகுளி அண்ணாச்சி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். படகில் கம்ப்ரஸர் வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கிக் குளித்தவராம். "அடியில இருந்தப்ப ஒண்ணும் தெரியல தம்பி. மேல வந்து, கரையில டீ குடிக்கையிலதான் காலு மரத்துச்சு" என்றார். எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று கேட்டேன். சங்கு கிடைக்கும்வரை என்றார். 1908-லேயே அட்டவணை வந்துவிட்டது. அது அவர் படகுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மூன்றாம் விதி: டால்டன்

கலவை வாயுவில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்குத் தனியாக அழுத்தம் தரும் என்றார் ஜான் டால்டன். 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 மடங்கு என்றால், அதில் கலந்திருக்கும் ஒவ்வொன்றின் பங்கும் 4 மடங்கு. அதனால்தான் அந்த ஆழத்தில் நைட்ரஜனே மது மாதிரி மயக்கம் தருகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. டீசல் எஞ்சினில் ஓடும் கம்ப்ரஸர், பக்கத்திலேயே வரும் புகையையும் சேர்த்து இழுத்தால், மேலே லேசான தலைவலி தரும் அளவு விஷம், அடியில் இருப்பவருக்கு நான்கு மடங்காகப் போய்ச் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்களின் வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது ஆக்ஸிஜன் குறைவை மட்டும்தான் காட்டும். கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரியும். எனவே, கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓட்டிய பிறகு விளக்கை நம்பி இறங்கக் கூடாது.

பயிற்சி எப்படி நடக்கிறது?

முறையான பயிற்சி மூன்று படிகளில் நடக்கும். முதலில் வகுப்பு, பிறகு நீச்சல்குளம், கடைசியில் கடல். 1966-இல் தொடங்கிய 'பாடி' என்ற பயிற்சி அமைப்பின் முதல்நிலைச் சான்றிதழுக்கு, 10 வயது நிரம்பியிருக்க வேண்டும். 200 மீட்டர் நீந்த வேண்டும். 10 நிமிடம் மிதக்க வேண்டும். உடல்நலக் கேள்வித்தாளுக்கு உண்மையாகப் பதில் தர வேண்டும். கடலில் நான்கு முறை இறங்கி முடித்தால் 18 மீட்டர் வரை போக அனுமதி. விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒரே நாளில் செய்து பார்ப்பது சான்றிதழ் அல்ல. அது பயிற்றுநர் கூடவே இருக்க, 12 மீட்டருக்குள் ஒரு முன்னோட்டம்.

என்னென்ன கற்றுத் தருவார்கள்? முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய குழாயைத் தேடிப் பிடிப்பது, காற்று தீர்ந்த நண்பனுக்குத் தன் பாட்டிலிலிருந்து பகிர்வது, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே இடத்தில் மிதப்பது. தனியாகப் போகவே கூடாது, எப்போதும் ஜோடி.

பேச முடியாது என்பதால் கையால்தான் பேச்சு. இதில் ஒரு வேடிக்கை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் நமக்கு 'சூப்பர்' என்று அர்த்தம். தண்ணீருக்கு அடியில் அதற்கு 'மேலே போவோம்' என்று அர்த்தம். "நல்லா இருக்கு" என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். அடியில் கண்ணும் ஏமாற்றும். ஒளிவிலகலால் மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், பக்கத்திலும் தெரியும். சிவப்பு நிறம் முதலில் மறைந்து, எல்லாம் நீலமாகிவிடும். ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகத்தில் வருவதால், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது.

இத்தனையும் கற்று எதைப் பார்க்கிறார்கள்? பவளப் பாறையும் மீன் கூட்டமும்தான் பலருக்கு. சிலருக்குச் சரித்திரமே கிடைக்கிறது. விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956-இல் திருகோணமலையில் மூழ்கி, போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசுவரர் கோவிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டார்கள். மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. அது முதல்நிலைக்காரர் எட்டிப் பார்க்கும் ஆழம் அல்ல.

அப்பா கேட்ட கேள்வி

போன வருடம் ஒரு காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் ஒரு மோட்டார் விழுந்து கிடக்கிறதாம். ஆழம் எழுபது அடி இருக்கும் என்றார். "மூச்சைப் பிடிச்சு இறங்க வேண்டாம்ணே, பஞ்சர் கடை கம்ப்ரஸர் கொண்டாரேன், குழாயைக் கடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம்" என்றார். கூலி, அப்பாவின் ஒரு மாத வருமானத்துக்குச் சமம்.

அவர் போனபிறகு அப்பா என்னைப் பார்த்து, "நீ படிக்கிறதுல இதுக்கு ஏதாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. நான் ரெண்டு நாள் அவகாசம் கேட்டு, நூலகத்தில் இருந்ததைத் தேடிப் படித்தேன். எழுபது அடி என்றால் 21 மீட்டர். அழுத்தம் மூன்று மடங்கு. பஞ்சர் கடை கம்ப்ரஸர் டயருக்குச் செய்தது; அதில் எண்ணெய்ப் புகையை வடிகட்டும் கரி வடிகட்டி இல்லை. பெல்ட் அறுந்தால், டீசல் தீர்ந்தால், மாற்றுக் காற்று இல்லை. அந்த நேரத்தில் முப்பது வருடப் பழக்கத்தில் அப்பா என்ன செய்வார்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார்.

ஒரு சோடாவை உடைத்துக் காட்டினேன். கணக்கையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாம இத்தனை நாளும் செஞ்சது சரி, குழாயோட செஞ்சா அதே தப்புங்கிற" என்றார். நான் இரண்டு பக்கத்தில் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த வேலைக்கு அவர் போகவில்லை. அந்த மாதம் வீட்டில் கஷ்டம்தான்.

ஆனால் மோட்டார் குட்டையிலேயே கிடந்திருக்காது. வேறு ஒருவர் போயிருப்பார். அவர் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

நாம் செய்யக் கூடியது

படித்து முடித்தால் இந்தத் துறையிலும் வேலை உண்டு. கொச்சியில் இந்தியக் கடற்படையின் முக்குளிப்புப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. துறைமுகம், எண்ணெய்க் கிணறு, பாலம், அணை எல்லாவற்றிலும் நீருக்கடியில் வெல்டிங்கும் ஆய்வும் தேவைப்படுகிறது. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் மூவருக்கும் இடம் உண்டு. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்லும் 'மத்ஸ்யா' கலத்தை உருவாக்கி வருகிறது. நீச்சல் தெரியாதவர்கள் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். கீழே உள்ள ஆறு வரிகளை எழுதி, உங்கள் ஊரில் கிணற்று வேலை செய்பவருக்கும், கம்ப்ரஸர் வாடகைக்கு விடுபவருக்கும், கடற்கரையில் சொந்தம் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நம் பேரவை இதைத் துண்டறிக்கையாகவே அடிக்கலாம்.

1. குழாய்க் காற்றில் மூச்சு விட்டவர் மேலே வரும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. விட்டுக்கொண்டே வர வேண்டும்.
2. டயர் கம்ப்ரஸர் காற்று டயருக்கு மட்டும்.
3. ஆழத்திலிருந்து மெதுவாக, நின்று வர வேண்டும்.
4. மேலே வந்தபின் மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல் வந்தால் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போக வேண்டும். "தண்ணிக்குள் இருந்தோம்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். மறுபடி தண்ணீரில் இறக்கிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.
5. கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓட்டக் கூடாது. ஓட்டியிருந்தால் இறங்கக் கூடாது.
6. இடுப்பில் கயிறும், மேலே இரண்டு ஆளும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

தோழர்களே! பாயில், ஹென்றி, டால்டன் மூவரும் நமக்குப் பரீட்சையில் ஆளுக்கு ரெண்டு மார்க் தருவார்கள். வாங்கிக்கொள்வோம். மார்க் வாங்கியபிறகு, அந்தப் பதிலை மதிப்பெண் போடத் தெரியாத ஒரே ஒருவரிடம், அவர் பேசும் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் நாம் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.